விளக்குமாறு தேய்ந்த பக்கம்

உலகத்தில் இனிமேல் புதினம் என்று, புதுமை என்று ஒன்று கிடையாது என்பதை றஜித் தண்ணீரூற்றுச் சந்தியில் வைத்து அறிவித்தான். மார்கழி மாதத்துப் பின்னேரம். றிஸ்வியின் தேநீர்க் கடையில், நடு மேசையில், அவனுக்கு முன்னால் ஒரு பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது. அறிவிப்பைக் கேட்பதற்கு றிஸ்வி இருந்தான். வாசலில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு ஆடுகளும் இருந்தன.

"கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் கண்டுபிடிச்சாச்சு மச்சான். கண்டுபிடிச்சதெல்லாம் போனுக்குள்ள இருக்கு. இனி மனிசருக்கு அறியிறதுக்கு ஒண்டும் இல்லை. தெரிஞ்சு வச்சிருக்கிறது மட்டும்தான் வேலை."

றஜித் இதைச் சிரிக்காமல் சொன்னான். அவன் எதையும் சிரிக்காமல்தான் சொல்வான். வவுனியாவில் கம்பஸில் மூன்றாம் வருடம். கம்பஸில் வேலைநிறுத்தம் என்பதால் ஊருக்கு வந்து, ஊர் அறியாத விஷயங்களை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். 'தெரியாது' என்ற சொல்லை அவன் வாழ்நாளில் ஒரேயொரு தரம்தான் பாவித்திருக்கிறான். அது பொலிஸ்காரர் லைசென்ஸ் எங்கே என்று கேட்டபோது. அவனுடைய கரையோரக் கிராமத்தில் அவனைக் கண்டால் "தெரிஞ்சவர் வாறார்" என்பார்கள். அதை அவன் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

"எங்கட சனத்துக்கு இது விளங்காது," என்று அவன் தொடர்ந்தான். "ஒரு லொறிக்கு ரயர் காத்துப் போனால் காணும். சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு ஊரே சுத்தி நிக்கும். வாறவன் போறவனெல்லாம் 'என்னவாம், என்னவாம்'. ரயருக்குள்ள காத்து இருந்தது, இப்ப இல்லை. இதில என்ன புதினம்? வன்னியில முதல் தொழில் நெல்லுமில்லை மீனுமில்லை மச்சான். நிண்டு பாக்கிறது."

றிஸ்வி கிளாஸைக் கழுவிக்கொண்டே யோசித்தான்.

"போன கிழமை கடைக்கு முன்னால ஒரு மாடு கண்டுக்குட்டி போட்டது. நானும் நிண்டு பாத்தனான்."

"மாடு கண்டுதானே போடும்."

"ஓம். ஆனா என்ன நிறத்தில வருது எண்டு பாக்கவேணுமெல்லோ."

மேசை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மேசைக்குக் கீழே றஜித்தின் வலது கால் ஆடிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

"உனக்கென்ன பிரச்சினை? முந்தநாள் தொடக்கம் காலாட்டுறாய்," என்றான் றிஸ்வி.

"ஒண்டுமில்லை. டிலுசாட்டக் கேட்டனான்."

றிஸ்வி கிளாஸை வைத்துவிட்டான். டிலுசா அவர்கள் இருவரோடும் பள்ளிக்கூடத்தில் ஏ.எல் படித்தவள். இப்போது கடற்கரைப் பக்கத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். றஜித் அவளைக் கேட்கப்போகிறான் என்பது ஏ.எல் படித்த காலத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். எப்படிக் கேட்பான் என்பதுதான் தெரியாமலிருந்தது.

"எப்பிடியடா கேட்டனி?"

றஜித் எப்படிக் கேட்டானோ அப்படியே சொன்னான். பஸ் தரிப்பிடத்தில் வைத்து, குடையைப் பிடித்துக்கொண்டு, "டிலுசா, நீ ஓம் எண்டுதான் சொல்லுவாய். அது எனக்குத் தெரியும். எண்டாலும் ஒரு முறைக்குக் கேக்கிறன், நாங்கள் கலியாணம் செய்வமோ?"

"அல்லாவே," என்றான் றிஸ்வி. "அவா என்ன சொன்னவா?"

"'தெரிஞ்சா ஏன் கேக்கிறாய்' எண்டா. முறைக்கு எண்டன். யோசிச்சுச் சொல்லுறன் எண்டு பஸ்ஸில ஏறிட்டா."

"அப்ப சரி. ஓம் எண்டு சொல்லுவா எண்டு உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும்."

"பிறகேன் காலாட்டுறாய்? மேசை உடையப்போகுது."

அடுத்த நாள் காலையில் தெப்பம் வந்தது.

வாடைக் கடல் கொந்தளித்து, வள்ளங்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்த நேரம். பெரிய மூங்கில் தெப்பம் ஒன்று அலையில் ஏறி மணலில் வந்து உட்கார்ந்தது. சும்மா தெப்பமில்லை. நடுவில் ஒரு வீடு இருந்தது. மூங்கில் சுவர், ஓலைக் கூரை, குனிந்து போக ஒரு வாசல். உள்ளே ஒரு பாய், அடி கருகிய ஒரு சட்டி, இடது காலுக்கான ஒரு செருப்பு, ஒரு விளக்குமாறு. ஆள் மட்டும் இல்லை. சுவரில் சின்னதாக ஒரு புத்தர் படம் செருகியிருந்தது. புத்தர் வந்த இடத்தில் காணி போவதைக் கண்ட ஊர் என்பதால், அதைக் கண்டதும் முதலில் வந்த நாலைந்து பேர் தங்கள் தங்கள் காணி எல்லைக்கட்டையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். படம் மிகவும் சின்னது என்று கண்ட பிறகு ஆறுதலடைந்தார்கள்.

மத்தியானத்துக்குள் தண்ணீரூற்று, முள்ளியவளை என்று எல்லாப் பக்கமிருந்தும் சனம் வந்து சேர்ந்தது. றிஸ்வி கடையைப் பூட்டிக்கொண்டு போனான். கடை பூட்டியிருப்பதைப் பார்த்து, ஏன் பூட்டியிருக்கிறது என்று பார்க்கச் சிலர் நின்றார்கள்.

றஜித் போகவில்லை. அவனுடைய வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். இருந்தும் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, போனில் வந்த படங்களைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகநூலில் ஒரு விளக்கம் எழுதினான். தெப்பம் எந்த நாட்டுப் பக்கத்தது, மூங்கிலை எப்படிக் கட்டுகிறார்கள், வாடைக் காலத்து நீரோட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது, ஆகவே இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. கடைசி வரியை மட்டும் தனிப் பந்தியாகப் போட்டான். அதை விரும்பியவர்களில் ஒருவர் அவனுடைய அம்மா. டிலுசா விரும்பவில்லை. விரும்பாதது மட்டுமில்லை, அவன் அனுப்பிய குறுஞ்செய்திக்கும் பதில் இல்லை.

பின்னேரம் றிஸ்வி வந்து சொன்னான்: "டிலுசா அங்கதான் நிக்கிறா. தாய் தேப்பனும் நிக்கினம். நாளைக்கும் வருவினமாம்."

"நாளைக்கு ஏன்? இண்டைக்குப் பாத்ததுதானே நாளைக்கும் இருக்கும்."

"நாளைக்கு மிச்சக் கதை," என்றான் றிஸ்வி.

மிச்சக் கதை என்னவென்று றஜித் கேட்கவில்லை. அவன் கேட்கிற ஆள் இல்லை. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு முள்ளியவளை வரை போனான். அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. திரும்பி வந்தான். மறுநாளும் போய்த் திரும்பினான். அதற்கடுத்த நாள் மோட்டார்சைக்கிள் தானாகவே கடற்கரைப் பக்கம் திரும்பியது. டிலுசாவைப் பார்க்கத்தான் போகிறேன், தெப்பத்தைப் பார்க்க இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தெப்பத்து வாசலுக்கு முன்னால் மணலில் பெண்கள் இருந்தார்கள். நடுவில் டிலுசாவின் தாய் புனிதம். கவிழ்த்த வள்ளத்தில் சாய்ந்துகொண்டு தகப்பன் அல்பேர்ட். கடலுக்குப் போக முடியாத எல்லா ஆண்களும் அவருக்குப் பின்னால். யாரும் தெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தெப்பத்தில் இருந்தவர்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளில் அங்கே ஒரு குடும்பமே உருவாகியிருந்தது.

விளக்குமாறு இருந்தபடியால் ஒரு பெண் இருந்திருக்கிறாள் என்பது முதல் நாள் முடிவு. செருப்பு ஆண் செருப்பு. ஆகவே புருசன். ஒற்றைச் செருப்போடு திரிகிற ஆள் என்றபடியால் அவனுக்குச் சின்னராசா என்று பேர் வைத்திருந்தார்கள். ஊரில் உண்மையாகவே ஒரு சின்னராசா இருந்தார். கடலுக்கு இரண்டு செருப்போடு போய் ஒன்றோடு வருகிறவர். மனைவிக்குப் பேர் வைக்கவில்லை. வந்து அவளே சொல்லட்டும் என்று விட்டிருந்தார்கள்.

"சட்டி அடிப்பிடிச்சுக் கிடக்கு," என்றார் அல்பேர்ட். "ரெண்டு பேருக்கும் சண்டை நடந்திருக்கு. சண்டை பிடிக்காமல் சோறு அடிப்பிடிக்காது."

"அனுபவஸ்தர் சொல்லுறார், கேளுங்கோ," என்றாள் புனிதம்.

"என்ன சண்டையப்பா?" என்று டிலுசா கேட்டாள்.

"அவன் கரைக்குப் போவம் எண்டிருப்பான். அவா இன்னும் ஒரு நாள் நிண்டு பாப்பம் எண்டிருப்பா."

"மாறியும் இருக்கலாம். ஆம்பிளையளுக்குத்தான் கரைக்கு வர மனமில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்த பிறகு பின்னாலிருந்து யாரோ, "அப்ப இப்ப அதுகள் எங்க?" என்று கேட்டார்கள்.

புனிதம் மணலை உள்ளங்கையில் அள்ளி, விரலிடுக்கால் விட்டுக்கொண்டு சொன்னாள். "வேற வள்ளம் ஒண்டு வந்து ஏத்தியிருக்கும். எங்கையோ ஒரு கரையில இருப்பினம். பாஷை தெரியாது. அதால சொல்லியனுப்ப வழியில்லை. அவ்வளவுதான்."

ஒருவரும் மறுக்கவில்லை. புனிதத்தின் தம்பி றெஜி யுத்த காலத்தின் கடைசியில் ஒரு வள்ளத்தில் ஏறிப் போனவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவனைப் பற்றிக் கேட்டாலும் புனிதம் இதே வசனத்தைத்தான் சொல்வாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிஞ்சவருக்கும் தெரியும்.

ஆனால் தெரிஞ்சவருக்கு அன்றைக்குக் கால் ஆடிக்கொண்டிருந்தது. டிலுசா இன்னும் அவன் பக்கம் திரும்பவில்லை. தன்னிடம் இருக்கிற ஒரே பொருளை எடுத்து அவளுக்கு முன்னால் வைக்கலாம் என்று அவன் நினைத்தான்.

"ஒரு விளக்குமாத்தை வச்சுக்கொண்டு குடும்பம் நடத்துறியள்," என்றான் றஜித். சனம் திரும்பியது. "கூட்டுறது பொம்பிளைதான் எண்டு ஆர் சொன்னது? இது மீன்பிடித் தெப்பம். இதில பொம்பிளையள் இருக்கிறதில்லை. ஒரு ஆள், கூடினால் ரெண்டு ஆள். நங்கூரக் கயிறு அறுந்திருக்கும். நீரோட்டம் இழுத்திருக்கும். ஆளில்லாமல் தெப்பம் வந்தால் ஆள் கடலில. இதில யோசிக்க ஒண்டும் இல்லை அன்ரி. செத்திருப்பான்."

அலை ஒன்று வந்து தெப்பத்தின் அடியில் புகுந்து திரும்பிப் போனது. புனிதம் எழுந்து சட்டையிலிருந்த மணலைத் தட்டினாள்.

"சரி தம்பி. உமக்குத் தெரியும்தானே," என்று மட்டும் சொன்னாள். உலை வைக்க வேண்டும் என்று நடந்தாள். மற்றப் பெண்களுக்கும் உலை ஞாபகம் வந்தது. அல்பேர்ட் வள்ளத்தை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பின்னால் ஆண்களும், கரையில் படுத்திருந்த நாய்களும் போய்விட்டன. மூன்று நாளாக ஒரு குடும்பம் குடியிருந்த இடத்தில் வெறும் மூங்கில் கிடந்தது. டிலுசா மட்டும் நின்றாள்.

"சரியோ? எல்லாரையும் அனுப்பியாச்சு."

"நான் சொன்னதில என்ன பிழை?"

"பிழை எண்டு நான் சொன்னனானோ? றெஜி மாமான்ர விஷயம் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அம்மா அவருக்கு எங்கெங்க வீடு கட்டிக் குடுத்திருக்கிறா எண்டு தெரியுமோ? ஒருக்கா அந்தமானில. ஒருக்கா கப்பலில குசினி வேலை. இந்த நத்தார்ப் பண்டிகையோட அவருக்கு ரெண்டு பிள்ளையள். மூத்தவளுக்குக் கணக்கு ஓடாதாம், மாமா மாதிரி."

"அதெல்லாம் உண்மை இல்லையே, டிலுசா."

"அது அம்மாவுக்கும் தெரியும்!"

இந்தப் பதிலை றஜித் எதிர்பார்க்கவில்லை. தெரிந்துகொண்டே ஒருவர் யோசிப்பார் என்பது அவனுடைய எந்தக் கணக்கிலும் வரவில்லை.

டிலுசா குரலைத் தணித்தாள். "உன்னை எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனா இத்தனை வருசத்தில நீ என்னட்ட ஒரு கேள்வி கேட்டதில்லை."

"கேட்டனானே. பஸ் தரிப்பிடத்தில."

"அது கேள்வியோ? விடையை முதல் சொல்லிப்போட்டுக் கேட்டனி. இப்ப கேள். உனக்கு விடை தெரியாத ஒண்டு. என்னவெண்டாலும் கேள்."

றஜித் வாயைத் திறந்தான். காற்று வாய்க்குள் போனது. எத்தனையோ வினாவிடைப் போட்டிகளில் மணி அடிக்க முன்னமே பதில் சொன்ன வாய். கடலைப் பார்த்தான், வள்ளத்தைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான்.

"உன்ர இரத்த வகை என்ன?" என்று கேட்டான்.

"ஓ பொசிற்றிவ்."

"ஓம். தெரியும். இரத்ததான முகாமில பாத்தனான்."

அவள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். "புதுவருசம் முடிய, மண் அள்ளுற பெக்கோ மெசின் கொண்டுவந்து தெப்பத்தை இழுக்கப்போகினமாம். கிராம விதானையார் சொன்னவர். தெப்பம் போறதுக்குள்ள பதில் சொல்லுறன். இப்ப கேட்டியெண்டால் இல்லை எண்டுதான் சொல்லவேண்டி வரும்."

அவள் போன பிறகும் அவன் நின்றான். இரண்டு கால்களும் ஆடின.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசையில் ஒரு சம்பவம் நடந்தது. அன்றைய மன்றாட்டுக் கருத்துகளைச் சுவாமி வாசித்துக்கொண்டு வந்தார். சுகமில்லாதவர்களுக்காக, பரீட்சை எழுதுகிறவர்களுக்காக. பிறகு, "கடலில் போய்த் திரும்பாத சின்னராசாவுக்காக."

சின்னராசா கோயிலின் பக்கவாசலில் நின்றார். வழமைபோலப் பிந்தி வந்து, வழமைபோல உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றார். முழுக் கோயிலும் அவர் பக்கம் திரும்பியது. அவர் தன் கையைப் பார்த்தார். மறுகையால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

றஜித் சிரிப்பு வரும் என்று காத்திருந்தான். இப்படியொரு பகிடி அந்தக் கோயிலில் நடந்ததேயில்லை. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. 'திரும்பாத' என்ற சொல்லுக்குப் பிறகு அந்தக் கோயிலில் சிரிக்கிற வழக்கம் இல்லை. சின்னராசாவும் மெல்ல உள்ளே வந்து, முதல் தடவையாக முழங்காலில் இருந்தார்.

பூசை முடிந்ததும் அவர் புனிதத்திடம் போனார்.

"புனிதமக்கா, நான் இருக்கிறன்."

"நீர் இல்லையப்பா. மற்றவர்."

"எந்த மற்றவர்?"

"தெப்பத்தில வந்தவர். வராதவர். இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியேல்ல. இருந்தால் சுகத்துக்கு, இல்லாட்டி ஆத்துமத்துக்கு எண்டு சுவாமியிட்டச் சொல்லி ஒப்புக்குடுத்தனான். பேரில்லாமல் எப்பிடி ஒப்புக்குடுக்கிறது? உம்மட பேரைக் கடன் எடுத்தன்."

சின்னராசா யோசித்தார். "அவருக்கும் ஒரு செருப்புத்தானோ?"

"ஒண்டுதான்."

"அப்ப எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்," என்றார் சின்னராசா. ஒரு மெழுகுதிரியை வாங்கி, காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் நடந்தார். அன்று பின்னேரம் சனம் திரும்பவும் தெப்பத்தடியில் கூடியதாக றிஸ்வி சொன்னான். ஆனால் கதை ஓடவில்லையாம். யாராவது தொடங்கினால் இன்னொருவர், "ஆருக்குத் தெரியும், செத்திருப்பான்," என்று முடித்துவிடுகிறாராம். தெரிஞ்சவர் சொன்னது நன்றாகவே பரவியிருந்தது. தன் கருத்து ஒன்று ஊரில் எடுபட்டது றஜித்துக்கு அதுதான் முதல் தடவை. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று முயன்று பார்த்தான்.

புதுவருசம் போய்விட்டது. நாளைக்குப் பெக்கோ வரும் என்றார்கள். றஜித் வீட்டில் இருந்தான், எழுந்தான், கதிரையை மாற்றிப் போட்டான், முள்ளியவளைக்குப் போய் வந்தான், அலுமாரியைத் திறந்து உள்ளே பார்த்து மூடினான். போனை எடுத்து, ஒரு பெண் யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று தேடினான். எக்கச்சக்கமான விடைகள் வந்தன. எல்லாம் வேறு வேறு பெண்களைப் பற்றியவை.

கடைசியில் றிஸ்வியின் கடைக்குப் போய் நடு மேசையில் இருந்தான்.

"மச்சான், அவா என்ன சொல்லுவா?"

"எனக்கு எப்பிடியடா தெரியும்?"

"தெரியாது எண்டு தெரியும். உனக்கு என்ன தோணுது?"

றிஸ்வி திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தான். ஆடுகள்கூடப் பார்த்த மாதிரி இருந்தது.

"இவ்வளவு காலத்தில நீ என்னட்ட ஒண்டு கேட்டது இதுதான் முதல்தரம்," என்றான். "ரெண்டு பிளேன்ரீ போடுறன். யோசிப்பம்."

யோசித்தார்கள். ஒரு முடிவும் வரவில்லை. ஆனால் பிளேன்ரீ ஆறுவதற்குள் குடித்து முடிந்திருந்தது.

மறுநாள் விடிந்து, வெயில் ஏறத் தொடங்கியபோது றஜித் கடற்கரைக்குப் போனான். கடைசியாக ஒரு படம் எடுத்து வைக்கலாம் என்பது அவன் தனக்குச் சொன்ன காரணம். கரையில் ஒருவரும் இல்லை. சின்னராசாவின் மெழுகுதிரி உருகிய அடையாளம் மூங்கிலில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. குனிந்து உள்ளே போனான். இத்தனை நாளில் உள்ளே போவது இதுதான் முதல் தடவை. போனில் பார்த்ததைவிட வீடு சின்னது. போனில் மணம் வரவில்லை. இங்கே புகையும் உப்பும் எண்ணெயும் கலந்த ஒரு மணம், வேறொருவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்த மாதிரி.

படம் எடுக்கப் போனைத் தூக்கினான். விளக்குமாறு குறுக்கே கிடந்தது. அதை நகர்த்தி வைக்க எடுத்தவன் எடுத்தபடியே நின்றான். விளக்குமாறு ஒரு பக்கம்தான் தேய்ந்திருந்தது. மற்றப் பக்கம் புதிதுபோல நீளமாக இருந்தது.

ஏன்?

போனில் தேடலாம். ஆனால் என்னவென்று எழுதித் தேடுவது? போனைக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். விளக்குமாற்றை வலது கையில் பிடித்து நாலு இழுவை கூட்டிப் பார்த்தான். மற்றப் பக்கம் தரையில் பட்டது. இடது கைக்கு மாற்றினான். இப்போது தேய்ந்த பக்கம் பட்டது. அப்படியென்றால் இடக்கைக்காரர். ஆனால் வாசலில் நின்று உள்நோக்கிக் கூட்டினால்? பாய் கிடந்த மூலையைப் பார்த்தான். பாயைச் சுற்றிப் போனால்? குனிந்து, வளைந்து, பாயை முட்டாமல் சுற்றிக் கூட்டினான். வலது கையாலும் தேய்ந்த பக்கம்தான் தரையில் பட்டது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினான்.

"என்ன செய்யிறாய்?"

வாசலில் டிலுசா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சும்மா," என்றான்.

"கூட்டுறாய்."

"ஓம். இல்லை… இஞ்ச பார். இது ஒரு பக்கம்தான் தேஞ்சிருக்கு."

அவள் செருப்பைக் கழற்றி, வாசலுக்குள் கிடந்த அந்த ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். விளக்குமாற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இடக்கைக்காரரோ?"

"நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான். ஆனா பாய் கிடக்கிற இடத்தைப் பார். ஒருத்தர் நித்திரை கொண்டால், மற்றவர் எழுப்பாமல் சுத்திக் கூட்டவேணும். அப்பிடிச் சுத்திக் கூட்டினாலும் இந்தப் பக்கம்தான் தேயும். ஒவ்வொரு நாளும் ஒருத்தர் நித்திரை. ஒவ்வொரு நாளும் மற்றவர் எழுப்பேல்ல."

"அப்ப ரெண்டு பேர் எண்டு சொல்லுறாய்."

"நான் சொல்லேல்ல. இருக்கலாம் எண்டுறன்." அவன் விளக்குமாற்றைத் திரும்ப வாங்கினான். "அன்ரியைக் கேக்கவேணும். சட்டி அடிப்பிடிச்ச சண்டைக்குப் பிறகும் எழுப்பாமல்தான் கூட்டினவையோ தெரியேல்ல. நான் அண்டைக்கு அவாட்ட அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது."

டிலுசா சுவரில் சாய்ந்துகொண்டு அவனைப் பார்த்தாள். தூரத்தில், றோட்டுப் பக்கம், பெக்கோ ஒன்று உறுமிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் சைக்கிள் மணிகள். பெக்கோ தெப்பத்தை இழுக்கிற புதினம் பார்க்க ஊர் வந்துகொண்டிருந்தது.

"ஓம்," என்றாள் டிலுசா.

"என்ன ஓம்?"

"பஸ் தரிப்பிடத்தில கேட்டதுக்கு."

ஓம் என்றுதான் சொல்வாள் என்பது றஜித்துக்கு ஆதிமுதல் தெரியும். அவளிடமே சொல்லியிருந்தான். அப்படியிருந்தும் விளக்குமாறு கையில் இருக்க, வாய் தானாகத் திறந்தது.

"ஏன்?" என்று கேட்டான்.

டிலுசாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "இதுக்கு விடை உனக்குத் தெரியாதுதானே?"

"தெரியாது."

"எனக்கும் சரியாத் தெரியேல்ல. யோசிச்சுப் பார்," என்று சொல்லிவிட்டுத் தாயைக் கூட்டிவர வெளியே போனாள்.

வெளியே சத்தம் நெருங்கியது. அல்பேர்ட் யாரையோ தள்ளி நிற்கச் சொன்னார். றிஸ்வியின் குரல் கேட்டது. கடை இன்றைக்கும் பூட்டுத்தான். யாரோ வாசலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்றவர்களிடம் ஏதோ சொல்ல, "என்னவாம், என்னவாம்" என்று கேள்வி கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது.

றஜித் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய கால் அசையாமல் நின்றது. விளக்குமாற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வெறும் பாயில் படுத்திருப்பவரை எழுப்பிவிடாமல், மெதுவாகச் சுற்றிக் கூட்டினான்.